சிரித்த முகத்தோடு விசுவாசம் காத்த எழுத்தாளர்

ஜி. கே. செஸ்டர்டன் (1874 – 1936)

விழா மலர் என்றால் அதில் ஒரு புனிதரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்பது நம் பங்குகளில் எழுதாத சட்டம். இந்த ஜூபிலி மலரில் நாம் எழுதப் புகும் வாழ்க்கையோ பீடத்தில் ஏற்றப்பட்ட புனிதர் ஒருவருடையதன்று. இவர் குருவுமல்லர், துறவியுமல்லர். இல்லறத்தார். வாரந்தோறும் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்து, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தியவர். மிகவும் பருத்த உடலினர். மறதிக்குப் பேர் போனவர். தாமும் சிரித்து ஊரையும் சிரிக்க வைத்தவர். கில்பர்ட் கீத் செஸ்டர்டன் என்பது அவர் பெயர்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம்? நம் மக்களிடையே இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன. பக்தி என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பது என்பது ஒன்று. விசுவாசத்தை எடுத்துச் சொல்வது சுவாமியாரின் வேலை, கன்னியர்களின் வேலை, நமக்கென்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் செஸ்டர்டனின் வாழ்வே பதிலாக நிற்கிறது. ஆகவே பங்கு மக்கள் பொறுமையோடு இதைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

பொம்மை மேடையும் இருண்ட நாட்களும்

1874-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் செஸ்டர்டன் பிறந்தார். அவருடைய தந்தையின் குடும்பத்தார் வீடு, மனைத் தொழில் நடத்தி வந்தவர்கள். குழந்தைக்கு ஆங்கிலிக்கன் சபையில் ஞானஸ்நானம் கொடுத்தார்களேயன்றி, வீட்டில் ஆழ்ந்த சமயப் பழக்கம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அன்பு நிறைய இருந்தது. தந்தையார் பிள்ளைகளுக்காகத் தம் கையாலேயே ஒரு பொம்மை நாடக மேடை செய்து வைத்திருந்தார். அதிலே பொன் திறவுகோல் ஒன்றை ஏந்தியபடி ஓர் அட்டைப் பொம்மை பாலத்தைக் கடந்து வரும். தம் நினைவில் பதிந்த முதற் காட்சி அதுவே என்று, சாகும் ஆண்டில் எழுதி முடித்த தன்வரலாற்றில் செஸ்டர்டன் குறிப்பிட்டிருக்கிறார்.

பள்ளியில் அவர் மந்தமான மாணவர். வாசிக்கக் கற்றுக்கொண்டதே தாமதமாகத்தான். வகுப்பில் உட்கார்ந்து புத்தக ஓரங்களில் படம் வரைந்துகொண்டிருப்பார். எதற்கும் உதவாத பிள்ளை என்று ஆசிரியர்கள் எண்ணியிருந்த வேளையில், 1892-இல் கவிதைக்கான மில்ட்டன் பரிசை அவர் தட்டிச் சென்றார். அந்தக் கவிதையின் பொருள் யார் தெரியுமா? நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்த புனித சவேரியார்! கத்தோலிக்கராவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பதினெட்டு வயது இளைஞனின் பேனா நம் சவேரியாரைத் தேடி வந்திருக்கிறது.

பின்னர் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்வில் இருள் சூழ்ந்தது. வாழ்வுக்குப் பொருளே இல்லை, காண்பதெல்லாம் மாயை, நன்மை தீமை என்பவை வெறும் பேச்சு என்ற கருத்துகள் அக்காலத்துப் படித்த இளைஞர்களிடையே பரவியிருந்தன. அவற்றில் அவரும் சிக்கினார். ஆவிகளை அழைக்கும் பலகை விளையாட்டிலும் கைவைத்தார். மனம் பேதலித்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குப் போனார்.

இதிலிருந்து அவரை மீட்டது எது? எந்தப் பிரசங்கமும் அல்ல; நன்றி என்ற ஒரே ஓர் உணர்வு. ஒன்றுமே இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் நான் இருக்கிறேன், புல் இருக்கிறது, வானம் இருக்கிறது. இருப்பதே ஒரு கொடையல்லவா? இந்த எண்ணத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நன்றி தோன்றிய மனத்தில் அடுத்த கேள்வியும் எழத்தானே செய்யும்? நன்றி என்றால் அதை யாருக்குச் செலுத்துவது? கொடை என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே! இந்தக் கேள்வியே அவரைக் கையைப் பிடித்து நடத்தி, இறுதியில் திருச்சபையின் வாசலில் கொண்டு வந்து நிறுத்தியது. அவருடைய சிரிப்பின் ஊற்றும் இதுவே. வருத்தமே அறியாதவரின் சிரிப்பன்று அது. இருளில் விழுந்து எழுந்தவரின் சிரிப்பு.

பேனாவே பிழைப்பு

ஓவியம் கைகொடுக்கவில்லை. நூல் வெளியீட்டகங்களில் பிறர் அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துப் பார்க்கும் சிறு வேலை கிடைத்தது. இரவில் கட்டுரைகள், மதிப்புரைகள் எழுதலானார். 1900-இல் முதல் நூல்கள் வெளிவந்தன. பின்னர் 'டெய்லி நியூஸ்' நாளிதழில் வாரக் கட்டுரை. 1905 முதல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்னும் படப் பத்திரிகையில் வாரக் கட்டுரை. இந்த இரண்டாவது பணியைத் தம் இறப்பு வரையில், 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தார். மொத்தத்தில் அவர் எழுதிய நூல்கள் சுமார் 80, கட்டுரைகள் சுமார் 4,000 என்று கணக்கிடுகிறார்கள்.

எதைப் பற்றி எழுதினார்? காற்றில் பறந்த தொப்பியைத் துரத்தி ஓடுவதைப் பற்றி எழுதினார். சட்டைப் பையில் கிடக்கும் பொருள்களைப் பற்றி எழுதினார். படுக்கையில் சோம்பிக் கிடப்பதைப் பற்றி எழுதினார். வாசகர் சிரித்துக்கொண்டே படித்து முடிப்பார். முடிக்கும்போது கடவுளின் பக்கம் ஓர் அடி நகர்ந்திருப்பார்.

ஓர் உதாரணம் சொல்லுவோம். ஒரு விடுமுறை நாளில் படம் வரைவதற்காக வண்ணச் சுண்ணக் கட்டிகளோடு அவர் தென் இங்கிலாந்தின் குன்றுகளுக்குப் போனார். எல்லா வண்ணமும் இருந்தது, வெள்ளை மட்டும் இல்லை. பழுப்புக் காகிதத்தில் வரைகிறவருக்கு வெள்ளை இன்றியமையாதது. கடைகண்ணி எதுவும் அருகில் கிடையாது. தவித்துப் போய் உட்கார்ந்தவர் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் உட்கார்ந்திருந்த குன்றே வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று! இந்த வேடிக்கைக்கு நடுவில் அவர் ஓர் உண்மையைப் பொதிந்து வைத்தார். வெள்ளை என்பது வண்ணமில்லாத வெறுமையன்று. அதுவும் ஒரு வண்ணம், ஒளி வீசும் வண்ணம். அப்படியே புண்ணியம் என்பதும் பாவம் செய்யாதிருப்பது மட்டுமன்று; அது உயிருள்ள, சுடர்விடும் பொருள். இதையே நாம் மேடையேறி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தால் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பதைப் பங்கு மக்களே அறிவார்கள்.

வீட்டு விளக்கு

1901-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பிரான்செஸ் அம்மையாரை அவர் கைப்பிடித்தார். திருமணம் முடிந்து புறப்பட வேண்டிய இரயிலைத் தவறவிட்டார். காரணம், வழியில் ஒரு கடையில் நின்று ஒரு குவளை பால் குடித்ததும், இன்னொரு கடையில் கைத்துப்பாக்கி வாங்கியதும். பால், சிறுவயதில் தாயாரோடு போகும் கடை என்பதால். துப்பாக்கி, போகிற நீர்வழியில் கொள்ளைக்காரர் வந்தால் மனைவியைக் காப்பதற்காக!

இப்படிப்பட்டவரை வைத்துக் குடும்பம் நடத்துவது எளிதா? ஆறடி நான்கு அங்குல உயரம், சுமார் 130 கிலோ எடை. பெரிய மேலங்கி, அகன்ற தொப்பி, உள்ளே வாள் மறைந்திருக்கும் கைத்தடி என்று அவர் நடந்து வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். சொற்பொழிவுக்குப் புறப்பட்டுப் போனவர் நடுவழியில் இறங்கி, தாம் இன்ன ஊரில் இருப்பதாகவும் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிவிக்குமாறும் மனைவிக்குத் தந்தி கொடுத்தார். வீட்டுக்கு வரச் சொல்லி அம்மையார் பதில் தந்தி அடித்தார். முதலில் வீட்டுக்கு வரவழைத்து, பிறகு சரியான ஊருக்கு அனுப்புவது எளிதென்று அவருக்குத் தெரியும்.

சிரிக்கிறோம், ஆனால் அந்த அம்மையாரின் பாடு சிறிதன்று. அவருக்கு முதுகெலும்பில் தீராத வலி. பிள்ளைச் செல்வத்துக்காக ஏங்கி அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார், பலனில்லை. 1909-இல் கணவரை இலண்டனின் பத்திரிகைத் தெருவிலிருந்தும் மதுக்கடைகளிலிருந்தும் பிரித்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். கணக்கு வழக்கு, உடை, மருந்து எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளையில்லாத அந்த வீட்டில் ஊர்ப் பிள்ளைகளின் கூச்சல் ஓய்ந்ததே இல்லை. மேலும், செஸ்டர்டனை முதன்முதலில் உண்மையான கிறிஸ்தவப் பழக்கத்துக்குக் கொண்டு வந்ததும் ஆங்கிலிக்கன் சபையில் பக்தியோடு வாழ்ந்த இந்தப் பெண்மணிதான். எழுத்தாளரின் பெயர் அட்டையில் வரும். அவரை எழுத வைத்தவரின் பெயர் எங்கும் வராது. நம் குடும்பங்களிலும் அப்படித்தானே!

காந்தியடிகள் படித்த கட்டுரை

1909 செப்டம்பர் 18-ஆம் நாளைய வாரக் கட்டுரையில் செஸ்டர்டன் இந்திய தேசியவாதிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் கேட்கும் விடுதலையில் இந்தியத்தன்மை போதவில்லையே, ஆங்கிலேயரின் அமைப்புகளையே கடன் வாங்கிக் கேட்கிறார்களே என்பது அவர் குறை. ஒரு மக்கள் தங்கள் பழைய வாழ்வைத் தங்களுக்கே உரிய முறையில் வாழ விரும்பினால் அதை மறுக்க அயலாருக்கு உரிமையில்லை என்பது அவர் கருத்து. அப்போது தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக வாதாட இலண்டன் வந்திருந்த காந்தியடிகள் அதைப் படித்தார். தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் குஜராத்தி வாசகர்களுக்கும் அதை எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் கப்பல் பயணத்தில் அவர் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' நூலில் அக்கட்டுரையின் சாயல் உண்டு என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள்.

இது தற்செயலன்று. சிறியவனுக்குச் சொந்த நிலம், சொந்தக் கடை, சொந்தக் கருவி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சில பணக்காரர் விழுங்குவதும் தவறு, அரசே விழுங்குவதும் தவறு என்று செஸ்டர்டன் வாழ்நாள் முழுதும் வாதாடினார். திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி விடுத்த சுற்றுமடலோடு ஒத்துப்போகும் கொள்கை இது. இதற்காகவே பின்னாளில் தம் பெயரிலேயே ஒரு வார இதழ் நடத்தித் தம் கைப்பணத்தை அதில் கொட்டினார். பணம் தீரும்போதெல்லாம் அவருக்குக் கைகொடுத்தவர் ஒரு குருவானவர். அவர் யாரென்று இனிச் சொல்லுவோம்.

குடை பிடித்த குருவானவர்

யார்க்ஷயர்ப் பகுதியில் பணியாற்றிய அயர்லாந்துக் குரு ஜான் ஓ'கானர் அடிகளாரோடு செஸ்டர்டனுக்கு நட்பு ஏற்பட்டது. ஒருநாள் இருவரும் மேட்டுநிலத்தின் வழியே நடந்து போகையில், சமூகத்தில் நிலவும் தீமை ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. அடிகளார் தம் பணியில் கண்டறிந்த சில உண்மைகளைப் பொதுப்படையாக எடுத்துச் சொல்ல, செஸ்டர்டன் திகைத்துப் போனார். மனித உள்ளத்தின் பாதாளம் இவ்வளவு ஆழமா! அன்று மாலை தங்கியிருந்த வீட்டில் இரண்டு பல்கலைக்கழக இளைஞர்கள் அடிகளாரோடு இனிமையாக உரையாடினார்கள். அவர் வெளியே சென்றதும், நல்ல மனிதர்தான், ஆனால் மடத்துக்குள் அடைந்து கிடப்பதால் உலகத்துத் தீமை எதுவும் அறியாதவர் என்று இரக்கப்பட்டார்கள். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் குருவோடு ஒப்பிட்டால் தீமையைப் பற்றிய அறிவில் இந்தப் படிப்பாளிகள் இருவரும் பால் மணம் மாறாத பிள்ளைகள் என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அந்தச் சிரிப்பில் பிறந்தவரே 'ஃபாதர் பிரவுன்'. உருண்டை முகம், நசுங்கிய தொப்பி, அடிக்கடி கீழே விழும் குடை. ஆனால் எந்தக் கொலைகாரனின் உள்ளத்தையும் படித்துவிடும் சின்னஞ்சிறு குருவானவர். 1911-இல் முதல் தொகுதி வந்தது. 1935 வரை ஐந்து தொகுதிகள், சுமார் 50 கதைகள். உலகெங்கும் பல இலட்சம் பேர் இன்றும் படிக்கிறார்கள். மற்றத் துப்பறிவாளர்கள் காலடித் தடத்தையும் சிகரெட்டுச் சாம்பலையும் தேடுவார்கள். ஃபாதர் பிரவுனோ, தாமும் அந்தப் பாவத்தைச் செய்யக்கூடிய மனிதரே என்ற தாழ்ச்சியோடு பாவியின் உள்ளத்துக்குள் இறங்கிப் பார்ப்பார். பிடிப்பதோடு விடமாட்டார், மனந்திருப்பவும் பார்ப்பார். அவரிடம் பிடிபட்ட பெருந்திருடன் ஃபிளாம்போ, பிறகு அவருக்கே உற்ற நண்பனாகிறான்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருக்களாகிய நாம் ஒன்று சொல்லுவோம். பாவசங்கீர்த்தனம் செய்ய வெட்கப்படுகிறவர்கள், இந்தப் பாவத்தைக் கேட்டால் சாமியார் அதிர்ந்து போவாரே என்று நினைக்கிறார்கள். மனிதனின் பலவீனத்தைக் கேட்டுக் குருவானவர் அதிர்வதில்லை. கத்தோலிக்கரல்லாத ஓர் எழுத்தாளர் அன்றே அந்த உண்மையைக் கண்டுகொண்டார். அது அவரைக் கதை எழுதச் செய்ததோடு நிற்கவில்லை.

வாசலில் நின்ற பதினான்கு ஆண்டுகள்

1908-இல் 'ஆர்த்தடாக்சி', அதாவது நேரிய விசுவாசம் என்று பொருள்படும் நூல் வெளிவந்தது. அப்போஸ்தலர்களின் விசுவாசப் பிரமாணமே மனித வாழ்வு என்னும் பூட்டுக்குப் பொருந்தும் சாவி என்று அதில் வாதாடினார். படித்தவர்கள் இவர் கத்தோலிக்கர்தான் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அவர் திருச்சபையில் சேர்ந்தது 1922-இல். பதினான்கு ஆண்டுகள் வாசலிலேயே நின்றார்!

ஏன்? திருச்சபையை நெருங்குகிறவனின் மூன்று நிலைகளை அவர் பின்னாளில் விவரித்தார். முதலில் அதன்பால் நியாயமாக நடக்க எண்ணுகிறான். பிறகு அதன் உண்மைகளைக் கண்டு மகிழ்கிறான். மூன்றாவதாக, உள்ளே போய்விடுவோமோ என்று அஞ்சி ஓடப் பார்க்கிறான். இந்த அச்சத்தோடு இன்னொரு தடையும் அவருக்கு இருந்தது. பிரான்செஸ் அம்மையார் தம் ஆங்கிலிக்கன் சபையை விட்டு வர ஆயத்தமாக இல்லை. தம்மைக் கடவுளிடம் கைப்பிடித்து அழைத்து வந்த மனைவியை வெளியே விட்டு, தாம் மட்டும் உள்ளே போவது எப்படி?

துன்பங்களும் வந்தன. 1914 நவம்பரில் நினைவிழந்து வீழ்ந்தார். மாதக்கணக்கில் உயிருக்குப் போராடி, 1915 உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில்தான் தெளிந்தார். 1912-இலேயே கத்தோலிக்கராகிவிட்ட ஒரே தம்பி செசில், உலகப் போரில் படைவீரராகச் சென்று 1918 டிசம்பரில் பிரான்சில் மருத்துவமனையில் இறந்தார். 1920-இல் புனித நாட்டுப் பயணம் முடிந்து திரும்புகையில், இத்தாலியின் பிரிந்திசித் துறைமுகத்தில் தேவமாதாவின் சுரூபம் ஒன்றின் முன் நின்றார். கலைஞர்கள் மெச்சும் சிற்பமன்று அது. நம் கோவில்களில் காண்பது போன்ற, தங்கப் பூச்சும் பளபளப்புமான எளிய சுரூபம். நாடு திரும்பியதும் தாம் செய்ய வேண்டியதைச் செய்வதாக மாதாவிடம் வாக்குக் கொடுத்தார்.

1922 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை. பீக்கன்ஸ்ஃபீல்டில் அப்போது கத்தோலிக்க ஆலயமே கிடையாது. இரயிலடி ஓட்டலைச் சேர்ந்த, தகரக் கூரையும் பலகைச் சுவருமான கூடம் ஒன்றுதான் சிற்றாலயமாகப் பயன்பட்டது. அங்கே ஓ'கானர் அடிகளாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, உலகப் புகழ் பெற்ற அந்த எழுத்தாளர் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். பிரான்செஸ் அம்மையார் கண்ணீர் விட்டு அழுதுகொண்டிருந்தார். சடங்கு முடிந்ததும் செஸ்டர்டன் மனைவியை அணைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவியை ஒருபோதும் வற்புறுத்தவில்லை. காத்திருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1926 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று, அம்மையாரும் தம் சொந்த முடிவால் திருச்சபையில் சேர்ந்தார்.

ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டவர்களுக்குத் தர்க்க விளக்கம் எதையும் அவர் தரவில்லை. தம் பாவங்களிலிருந்து விடுபடவே சேர்ந்ததாகச் சொன்னார். ஃபாதர் பிரவுன் கதைகளை எழுதிய கை, கடைசியில் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதவைத் தட்டியது.

கத்தோலிக்கரான பின்

அதன்பின் வந்த நூல்கள் மூன்றைக் குறிப்பிட வேண்டும். 1923-இல் அசிசியாரின் வரலாறு. 1925-இல் கிறிஸ்துவை மனித வரலாற்றின் நடுவில் வைத்துக் காட்டும் 'எவர்லாஸ்டிங் மேன்'. நாத்திகராயிருந்த சி. எஸ். லூயிஸ் கிறிஸ்துவை ஏற்பதற்கு உதவிய நூல்களில் இது ஒன்று. 1933-இல் புனித தோமா அக்குவினாரின் வரலாறு. குறிப்பு எதுவுமின்றிச் செயலாளரிடம் பாதி நூலைச் சொல்லி எழுத வைத்தார். பிறகு சில நூல்களை வரவழைத்து, விரைவாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மீதியையும் சொல்லி முடித்தார். குருமடத்தில் அக்குவினாரோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடிய நாம் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? அக்குவினாரை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த எத்தியென் ஜில்சன் என்னும் பேரறிஞரே, இத்தகைய நூலைத் தம்மால் எழுதியிருக்க முடியாது என்று வியந்தார்.

இத்தனை வாதங்களிலும் அவருக்குப் பகைவர் உண்டாகவில்லை என்பதே பெரும் வியப்பு. நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா அவருடைய கருத்து ஒவ்வொன்றையும் மறுத்தவர். மேடைக்கு மேடை இருவரும் மோதினார்கள். ஆயினும் உற்ற நண்பர்கள். செஸ்டர்டன் இறந்தபோது, பண உதவி தேவையா என்று கேட்டு அம்மையாருக்கு உடனே கடிதம் எழுதியவர் அந்த ஷா. கருத்தை அடித்தார், மனிதரை அணைத்தார். கேலி செய்யும்போதும் முதலில் தம் பருமனையே கேலி செய்துகொண்டார்.

குறையையும் சொல்ல வேண்டும்

உண்மை வரலாறு என்றால் கறையையும் மறைக்கலாகாது. யூத மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் பல, அன்பின் சட்டத்துக்கு ஒவ்வாதவை. அரசியல் ஊழல் வழக்கு ஒன்றில் தம்பிக்கு 1913-இல் அபராதம் விதிக்கப்பட்ட கசப்பு அந்த மனப்பான்மையை வளர்த்தது. ஹிட்லர் யூதரை வதைக்கத் தொடங்கியபோது அவர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதும் உண்மையே. எனினும் எழுதியது எழுதியதுதான். அவரைப் புனிதராக்கும் முயற்சியைத் தொடங்குமாறு பலர் வேண்டியபோது, நார்த்தாம்ப்டன் ஆயர் 2019-இல் அதைத் தொடங்குவதில்லை என்று முடிவு செய்ததற்குக் காட்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. எவ்வகையிலும் யூதரைப் பகைப்பது தவறென்று 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகக் கற்பித்திருக்கிறது. எல்லாரையும் நேசித்த ஒருவரும் ஒரு கூட்டத்தாரிடம் தவறக்கூடும் என்பது நமக்கு எச்சரிக்கை. சாதியின் பெயரால் அடுத்த தெருவைக் கேலி பேசும் நாவு நம்மிடமும் உண்டல்லவா?

கடைசி நாட்கள்

1936-இன் வசந்த காலத்தில் லூர்து, லிசியே திருத்தலங்களுக்குச் சென்று வந்தார். உடல் தளர்ந்துவிட்டது. ஜூன் மாதத்தில் படுக்கையில் வீழ்ந்தார். நோயில்பூசுதல் பெற்றார். தோமினிக்கன் துறவி வின்சென்ட் மக்னாப் அடிகளார் வந்து, தம் சபையின் வழக்கப்படி மரணப் படுக்கையருகே 'சால்வே ரெஜினா' என்னும் மாதா கீதத்தைப் பாடினார். பிறகு பக்கத்து மேசையில் கிடந்த பேனாவை எடுத்து முத்தமிட்டார். ஜூன் 14, ஞாயிறன்று செஸ்டர்டன் ஆண்டவரில் துயில் கொண்டார். வயது 62.

திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அனுப்பச் செய்த இரங்கல் தந்தியில் அவர் விசுவாசத்தின் பாதுகாவலர் எனப் போற்றப்பட்டார். 1521-இல் திருத்தந்தை 10-ஆம் லியோ இங்கிலாந்து மன்னர் 8-ஆம் ஹென்றிக்கு அளித்த பட்டம் இது. மன்னர் பட்டத்தை வைத்துக்கொண்டு திருச்சபையை விட்டுப் போனார். 415 ஆண்டுகளுக்குப் பிறகு அதே புகழ்ச்சொல் வாரக் கூலிக்கு எழுதிய ஓர் எழுத்தாளரைத் தேடி வந்தது. அவர் வாழ்ந்த ஊரில் இன்று தகரக் கூடம் இல்லை. புனித குழந்தை தெரேசம்மாள் ஆலயம் நிற்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 டிசம்பரில், பிரான்செஸ் அம்மையாரும் இறைவனடி சேர்ந்தார்.

நமக்கு என்ன?

நம் பங்கில் ஆசிரியர்கள் உண்டு, கடை வைத்திருப்போர் உண்டு, ஓட்டுநர்கள், விவசாயிகள், அலுவலர்கள் உண்டு. விசுவாசத்தைக் காக்க அங்கி தரிக்க வேண்டியதில்லை. அவரவர் கையில் இருக்கும் கருவியே போதும்; செஸ்டர்டனுக்குப் பேனா இருந்தது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணியைப் பற்றி 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வகுத்ததை அவர் 60 ஆண்டுகளுக்கு முன்பே தம் வாரக் கட்டுரையில் செய்துகொண்டிருந்தார்.

கணவன் கோவிலுக்கு வருவதில்லை, மகன் பூசை காண்பதில்லை என்று கலங்கும் தாய்மார்கள், வற்புறுத்தாமல் நான்கு ஆண்டு காத்திருந்த அந்தக் கணவரை நினைத்துக்கொள்ளட்டும். பல ஆண்டுகளாய் வாசலிலேயே நிற்பவர்கள், வாசலில் நிற்பதும் வீணல்ல, ஆனால் உள்ளே போனால்தான் விருந்து என்பதை உணரட்டும். துன்பம் வந்தால் சிரிப்பு எப்படி வரும் என்று கேட்பவர்கள், காலையில் கண் விழித்ததும் ஒரு கணம் நன்றி சொல்லிப் பார்க்கட்டும்.

நம் ஆலயத்தின் இந்த ஜூபிலி ஆண்டும் ஒரு நன்றி ஆண்டுதானே? இவ்வாலயத்தைக் கட்டக் கல் சுமந்தவர்களும், காணிக்கை கொடுத்தவர்களும், நமக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர்களும் பெயர் தெரியாமல் போனார்கள். அவர்களுக்காக நன்றி கூறுவோம். முகமலர்ச்சியோடு கூறுவோம். நன்றியுள்ள நெஞ்சத்தையும், பிறரை நோகடிக்காத சிரிப்பையும், அஞ்சாத விசுவாசத்தையும் நம் பங்குக் குடும்பங்கள் அனைத்துக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக!

— பங்குத்தந்தை